மாட்டின் காதில் சொன்னது

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட அதுதான் எனக்குக் கௌரவம். யுத்த காலத்தில், அரியலூர் மாட்டாஸ்பத்திரியில் சர்க்கார் சம்பளம் வாங்கும் கம்பவுண்டராக இருந்துகொண்டு, ஒரு மணி நேரம் தீவனத் தொட்டிக்குள் வைக்கோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன் நான். ஒரு ரகசியத்தைக் காதில் வாங்குவதற்காக. ரகசியம் வந்து சேர்வதற்குள் ஒரு மயிலைக் காளை அந்தக் காதையே நக்கிவிட்டது. மாட்டு நாக்கை நீங்கள் தொட்டிருக்கிறீர்களோ என்னவோ. தச்சர்கள் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள் அதைவிட மிருது.

அந்த ரகசியத்துக்குச் சொந்தக்காரர் மாட்டு டாக்டர். அரியலூர் வரலாற்றிலேயே ரகசியம் காத்த மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் அரியலூரில் பிறக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கருவாடு வாங்கினால், அது சட்டிக்குள் இறங்குவதற்குள் அடுத்த தெருவில் அதற்கு உப்பு போதுமா என்று விவாதம் நடக்கும். ரயிலிலிருந்து இறங்குகிறவன் யார் வீட்டுக்கு, எந்தக் காரியமாக வந்திருக்கிறான் என்பது அவன் டிக்கெட்டைக் கொடுப்பதற்குள் ஜட்காக்காரனுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் நாலு வருஷம் குடியிருந்து, ஒரு கறுப்புத் தோல்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல் போனவர் அவர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரில் அவர் மாட்டு டாக்டர். அவர் மனைவி மாட்டு டாக்டரம்மா. அவர் மாமியார், மாட்டு டாக்டரம்மாவோட அம்மா. சோலா தொப்பி, காக்கி அரை டிராயர், முழங்காலுக்குக் கீழே இரண்டு மூங்கில் கழிகள். மனிதர்களிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பேச நேர்ந்தாலும், எதிரில் இருப்பது மாடு இல்லை என்பது அவருக்குச் சட்டென்று உறைக்காது. நான் முதல் நாள் உத்தியோகத்துக்குப் போய் நின்றபோது, உத்தரவுக் காகிதத்தை வாங்காமல், "வாயத் தொற" என்றார். திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கடவாய்ப் பல்லு தேஞ்சிருக்கு. இருபத்தெட்டு இருக்குமா?"

"இருபத்தாறுங்க."

"பாக்கு போடறதக் கொற" என்று சொல்லி முதுகில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார். நல்ல வேளை, வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் ஆள் மாறிவிடுவார். காக்கி போய்க் கறுப்புக் கோட்டு வரும். அந்தத் தட்டையான தோல்பெட்டியை எடுத்துக்கொண்டு மத்தியானப் பாசஞ்சரில் திருச்சிக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். எதற்கு? தெரியாது. டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஒரு மனைவிக்குத் தெரியாத பெட்டி என்றால், அதில் இரண்டே பொருள்தான் இருக்க முடியும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. இன்னொரு மனைவியை அதற்குள் அடைக்க முடியாது என்பதால் அடுத்ததற்குப் போனோம்: மாந்திரீகம்.

இந்த இடத்தில் அருளப்பன் வாத்தியாரைச் சொல்ல வேண்டும். மாதா கோயில் ஊரான ஏலாக்குறிச்சிக்காரர். மாட்டாஸ்பத்திரிக்கு எதிர்வீட்டில் ஒரு செவலைப் பசுவோடும் உலக விஷயங்கள் அனைத்தோடும் குடியிருந்தார்.

"தம்பி, திருச்சி கண்டோன்மென்ட்டுல ஒரு கட்டடம் இருக்கு. வாசல்ல மூலைமட்டமும் கவராயமும் வரஞ்சிருக்கும். அதான் தலைவெட்டிக் கோயிலு. வெள்ளக்காரன் நடத்துற ரகசியச் சபை, பேயக் கும்புடுற கூட்டம். உள்ள போறவன் கண்ணக் கட்டி, நெஞ்சுல கத்திய வச்சு சத்தியம் வாங்குவானுங்க. அதுல சேந்தவனுக்கு எங்க கோயில்ல நற்கருணையே கெடயாது, தெரியுமில்ல?"

"தலைய வெட்டுவாங்கன்னா, நம்ம டாக்டருக்குத் தலை இருக்குதுங்களே?"

வாத்தியார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "விடியறதுக்குள்ள ஒட்ட வச்சிருவானுங்க."

நான் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டதில் பிறந்தவன். ஆனாலும் பயம் என்று வந்தால் எனக்கு மதபேதம் கிடையாது. வாத்தியார் சொன்னதை அப்படியே நம்பினேன். நெற்றியில் நாமம், கையில் தாயத்து, பையில் வாத்தியார் கொடுத்த ஒரு சின்ன மாதா படம். யார் பக்கம் ஜெயித்தாலும் நமக்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அன்றிலிருந்து டாக்டரின் கழுத்தைப் பார்க்காமல் அவரோடு பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒட்டு, திங்கட்கிழமை கோடாகத் தெரியாதா என்ன?

"என்னய்யா என் கழுத்தையே பாக்குற? கட்டியா?"

"இல்லீங்கய்யா. கழுத்து... நல்லா இருக்குதுங்க."

சலவைக்காரர் ஒருநாள் புதுத் தகவல் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாதமும் திருச்சியிலிருந்து வந்ததும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை சலவைக்கு வருகிறதாம். ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லையாம். நான் நிம்மதியடைந்து வாத்தியாரிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டி, "ஒரு பொட்டு இல்லைன்னா, எவ்வளவு பழக்கப்பட்ட கைன்னு பாத்துக்க" என்றார்.

இன்னொரு தடவை ஸ்டேஷனில் அவருக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பிளாட்பாரத்தில் ரயில்வே வெள்ளைக்காரர் ஒருவர் எல்லோரையும் நாயை விரட்டுவதுபோல் விரட்டிக்கொண்டு வந்தார். டாக்டரிடம் வந்ததும் கைகுலுக்கினார். கட்டைவிரல் எங்கோ ஒரு தினுசாக அழுந்தியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அந்த மனிதர் பால் குடித்த கன்றுக்குட்டி ஆகிவிட்டார். டாக்டருக்கு உட்கார இடம், குடிக்க சோடா! சூட்சுமம் கட்டைவிரலில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்த தாசில்தாரின் கையைப் பிடித்து, என் கட்டைவிரலால் அவர் விரல் முட்டியை நாலு தினுசாக அழுத்தினேன். சோடா வரவில்லை.

"என்னய்யா, வாயுப் பிடிப்பா?" என்று கையை உருவிக்கொண்டார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம், டாக்டர் மாட்டின் காதில் பேசுவது.

மருதையாற்றங்கரைக் கிராமத்துக்காரர் சடையப்பர். இரண்டு மயிலைக் காளைகளும் நாலு ஏக்கர் வறண்ட நிலமும்தான் அவருக்கு உலகம். காளைகளுக்குப் பெரியவன், சின்னவன் என்று பெயர். பெரியவனுக்கு ஒருநாள் வயிறு உப்பி, தம்புரா மாதிரி ஆகிக் கொண்டுவந்தார். டாக்டர் மூங்கில் குழாயில் எண்ணெய் மருந்தைப் புகட்டினார். பிறகு எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, காளையின் காதோடு வாய் வைத்து ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். கதவிடுக்கில் பார்த்தேன். அரைமணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, நடுநடுவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. கடைசியில் பெரியவன் ஒரு பெருமூச்சு விட்டது. பின்பக்கமாகவும் விட்டது. ஆஸ்பத்திரிச் சன்னல்கள் அதிர்ந்தன. காளை திரும்பி நின்று புல்லைக் கேட்டது.

மருந்தைக் கலந்து கொடுத்தவன் நான். எண்ணெயின் குணம் தெரிந்தவன் நான். ஆனாலும் அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் சொன்னது இதுதான்: "மந்திரம்யா! பச்சமல சித்தர்ட்ட வாங்கினதாம். காதுல ஊதினாரு, நோவு எந்திரிச்சு ஓடிப்போச்சு."

பச்சைமலைச் சித்தரை நான்தான் சேர்த்தேன். சும்மா மந்திரம் என்றால் ருசிக்காது.

ஒரே மாதத்தில் அரும்பாவூர், குரும்பலூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் ஊசியை எடுத்தால் போதும், "அதெல்லாம் வேணாஞ் சாமி, காதுல சொன்னாப் போதும்" என்று மாட்டின் காதை நீட்டினார்கள். ஒரு கிழவர் தன் காதையே நீட்டினார். டாக்டருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை.

எனக்கோ ஆசை பிடித்துக்கொண்டது. மந்திரத்தைக் கற்றுக்கொண்டால் இந்தக் கம்பவுண்டர் உத்தியோகத்தை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? அந்தச் சமயம் பெரியவன் கழுத்துப் புண்ணுக்காக மறுபடியும் வந்து கொட்டகையில் கட்டியிருந்தது. மத்தியானம் டாக்டர் வருவதற்கு முன்னால் தொட்டிக்குள் இறங்கி வைக்கோலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வந்தார். ஆரம்பித்தார். இங்கிலீஷ்! என் இங்கிலீஷ் மருந்துச் சீட்டு எழுதும் அளவு. அதில் 'தினம் மூன்று வேளை' என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆனால் ஒன்று புரிந்தது. நாலு வரி போவார், நிற்பார், நெற்றியில் அடித்துக்கொள்வார். "சே! அந்த எடம் மறுபடியும் போச்சு." திரும்ப முதலிலிருந்து. பள்ளிக்கூடத்தில் பெரிய வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாமல் நான் நின்ற நிற்பு எனக்கு ஞாபகம் வந்தது. சித்தருக்கு மறதி உண்டா என்று யோசிக்கும்போதுதான் பெரியவன் என் காதைக் கண்டுபிடித்தது. ஒரு நக்கு. நான் கத்தியதில் வைக்கோல் பறந்தது.

டாக்டரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. கோபம் இல்லை. பயம். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நேரமா இருக்க?"

"ஒரு மணி நேரமாங்கய்யா. ஆனா சத்தியமா ஒண்ணும் புரியலீங்க. எனக்கு இங்கிலீஷ் சுட்டுப் போட்டாலும் வராதுங்க."

அவருக்கு உயிர் வந்தது. என் அறியாமையால் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்றுதான் அவர் என்னிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசினார்.

"மனப்பாடமாச் சொல்லணும்யா. ஏட்டப் பாக்கக் கூடாது. வெளியாள் காதுல விழக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். மூணு தடவ சபையில எந்திரிச்சு நின்னு மறந்துட்டேன். எல்லாரும் கம்முனு தரையப் பாக்குறாங்க. வூட்டுல ஒப்பிக்கலாம்னா மாமியார். இங்கன்னா நீ. வேற யாரு இருக்கா எனக்கு? மாடு வெளிய சொல்லாது."

"அங்க பேயெல்லாம் கும்புடுறாங்கன்னு..."

"சாமி இல்லைங்கறவனுக்கு உள்ள எடமே கெடயாது. எந்தச் சாமின்னு மட்டும் கேக்க மாட்டாங்க. அவனவன் சாமி மேல அவனவன் சத்தியம்."

நான் பல மாதங்களாகப் பாடுபட்டுச் சேர்த்த பேய், கத்தி, மண்டையோடு எல்லாம் இரண்டு வரியில் காலி. வாய்ப்பாடு மறந்துபோகிற ஒரு பெரிய பையன்தான் மிச்சம்.

"இத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உனக்கு எந்தச் சாமி?"

"எல்லாச் சாமியுந்தாங்க."

"ஒண்ணச் சொல்லுய்யா!"

கல்லங்குறிச்சிப் பெருமாள் மேல் சத்தியம் செய்தேன். அரியலூரில் ரகசியம் காத்தவர்கள் எண்ணிக்கை ஒன்றரையாக உயர்ந்தது.

அந்தச் சத்தியம் அடுத்த மாதமே என் கழுத்தைப் பிடித்தது. ஜெயங்கொண்டம் பக்கம் சந்தைக்கு வந்த மாடுகளோடு வெக்கை நோய் வந்தது. வந்தால் தொழுவமே காலியாகும். நாலைந்து நாளில் கழிந்து கழிந்து மாடு சரிந்துவிடும். அதற்கு மருந்தில்லை. வருவதற்கு முன்னால் ஊசி போட்டால்தான் உண்டு. சடையப்பர் ஊரில் இரண்டு கன்றுகள் விழுந்துவிட்டன என்று தகவல் வந்ததும், டாக்டரும் நானும் ஊசி மருந்தை ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில் வைத்து வண்டியில் ஓடினோம்.

ஊர் முழுக்க மாடுகளை மாரியம்மன் கோயில் திடலில் நிறுத்தியிருந்தார்கள். ஊசிப் பெட்டியைத் திறந்ததும் சடையப்பர் முன்னால் வந்தார்.

"டாக்டரய்யா, ஊசி போட்டா ஆத்தாளுக்கு ஆவாது. நீங்க காதுல சொல்லுங்க. அது போதும்."

"காதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஊசிதான்."

"அரியலூர்ல பெரியவனுக்குச் சொன்னீங்களே! எங்க ஊருன்னா கசக்குதா?"

"அது மந்திரம் இல்ல."

"அப்ப என்ன அது?"

டாக்டரால் சொல்ல முடியாது; வாக்கு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தரைச் சேர்த்தவன் நான். நிஜத்தைச் சொன்னால் மந்திரம் போய்விடும். கூடவே டாக்டர் மேல் இருக்கிற நம்பிக்கையும் போகும். ஊசிக்கு மாடு நிற்காது. சொல்லாவிட்டாலும் நிற்கப் போவதில்லை. பெருமாள் சத்தியம் வேறு. என் நாக்கை நான் அவ்வளவு நேரம் சும்மா வைத்திருந்தது அதுதான் முதல் தடவை.

திடலின் ஓரத்தில் ஒரு கிடாரி கண்ணில் நீர் வடிய நின்றுகொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். "நாளைக்குள்ள போடலைன்னா உன் ஜோடியும் போயிரும், சடையப்பா. அப்புறம் எத வச்சு உழுவ?"

சடையப்பர் பெரியவனின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "தெரியுது சாமி. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க நம்புறத நீங்க எங்ககிட்ட சொல்ல மாட்டேங்கறீங்க. நாங்க நம்புறத நாங்க சொன்னா, இல்லைங்கறீங்க. அப்ப யாரு யாரத்தான் நம்புறது?"

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். மனிதர்கள் பேச்சுக்கு அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. பெரியவனின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "நல்லாக் கேட்டுக்குங்க. மருந்து ஊசியிலதான் இருக்கு. காதுல நான் சொல்றதுல நோய்க்கு ஒண்ணும் இல்ல. ஊசி போட விட்டா, காதுலயும் சொல்றேன். சம்மதமா?"

சடையப்பர் முகம் மலர்ந்தது. பக்கத்து ஆளிடம், "சித்தருங்க இப்படித்தான்யா சொல்வாங்க. தன்கிட்ட ஒண்ணுமில்லம்பாங்க" என்றார்.

இன்னொரு சிக்கல். மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கும். ஆள் காதில் விழக் கூடாது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில், 'நீ மூட்டின நெருப்பு, நீயே அணை' என்று இருந்தது. அணைக்கத் தெரியாது, மூட்டத்தான் தெரியும். வண்டி மேல் ஏறினேன்.

"சனங்களே! இது மாட்டுக்குச் சொல்றது. மனுசன் காதுல விழுந்தா நாப்பது நாள்ல கொம்பு மொளைக்கும்! பொம்பளைங்க, புள்ளைங்க எட்டப் போங்க! மாடு புடிக்கிறவங்க காதுல பஞ்சு வச்சுக்குங்க!"

திடல் காலியானது. சர்க்கார் புண்ணுக்குக் கொடுத்த பஞ்சு அத்தனையும் அன்று நல்ல காதுகளுக்குப் போயிற்று. பஞ்சு தீர்ந்ததும் வேட்டி நுனியைக் கிழித்தார்கள். "உனக்கும்தான்" என்று டாக்டர் என் காதுகளில் தானே பஞ்சை அடைத்தார். மாட்டுக்கு அடைப்பதுபோல் கெட்டியாக.

காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடந்தது அது. நான் பின்பக்கம் ஊசியோடு. அவர் முன்பக்கம் காதோடு. சத்தமே இல்லாத ஒரு உலகம். உதடுகள் மட்டும் அசைகின்றன. நெஞ்சில் கை போகிறது. முதல் பத்து மாடுகள்வரை நடுவில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் அடித்துக்கொள்ளவில்லை. என் வலது காதுப் பஞ்சு ஒரு தடவை தளர்ந்தது. கொஞ்சம் இழுத்தால் போதும். என் வாழ்க்கையில் அவ்வளவு பக்கத்தில் ஒரு ரகசியம் வந்து நின்றதில்லை. விரலைக் கொண்டுபோனேன். பஞ்சைத் திரும்ப உள்ளே அழுத்திக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. கொம்பு பயமாகக்கூட இருக்கலாம்.

கடைசி மாடு ஒரு செவலைப் பசு. கயிற்றைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தேன். அருளப்பன் வாத்தியார்! அரியலூரிலிருந்து நடத்தியே கொண்டுவந்திருக்கிறார். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன்:

"என்ன வாத்தியாரே, பேய்க் கூட்டம்னீங்க? சேந்தா நற்கருணை கெடயாதுன்னீங்க?"

"அது மனுசனுக்குடா தம்பி. மாட்டுக்கு ஏது ஞானஸ்நானம்?"

அந்தக் கிடாரி பிழைக்கவில்லை. மற்றபடி அந்த ஊரில் வேறு மாடு விழவில்லை. பெரியவனும் சின்னவனும் ஆடியில் ஏர் பூட்டி நின்றதை நானே போய்ப் பார்த்தேன். பச்சைமலைச் சித்தருக்குப் பொங்கல் வைத்தார்கள். அதில் எனக்கும் ஒரு இலை கிடைத்தது, வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அந்த மாதம் முதல் சனிக்கிழமை போய், ஞாயிறு திரும்பிய டாக்டர் ரயிலிலிருந்து இறங்கும்போது சீட்டியடித்துக்கொண்டு இறங்கினார். பெட்டியை என்னிடம் கொடுத்து, "ஒரு வார்த்தை விடல" என்றார். மூன்றே வார்த்தை. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிவரை அந்தப் பெட்டியை நான் சாமி தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுவருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. அவருக்குப் பிறகு வந்த டாக்டர் கெட்டிக்காரர், நன்றாகப் பேசுவார், எங்களோடு. ஆனால் வெகுநாள்வரைக்கும் கொட்டகையில் நான் மருந்தோடு நுழைந்தால், பழகின மாடுகள் தலையைச் சாய்த்து ஒரு காதை என் பக்கமாகத் திருப்பும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியாமல் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

மாற்றலாகிப் போன அன்று பழைய டாக்டரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனது நான், வாத்தியார், சடையப்பர் மூன்று பேர். வண்டி நகரத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

"ஐயா! இப்பவாச்சும் சொல்லுங்கய்யா! அன்னைக்கு அத்தனை காதுலயும் என்னதாங்கய்யா சொன்னீங்க?"

சோலா தொப்பி வெளியே நீண்டது. என் முதுகை எட்டி இரண்டு தட்டுத் தட்டினார்.

"மாட்டக் கேளுய்யா."